பதினெட்டாம் லாட்டின் அடியில்

ரஷீதா பதினோரு வருடம் சிங்கப்பூரின் கார் நிறுத்துமிடங்களில் நடந்தே பிழைத்தவர். கட்டணக் கூப்பன் வைக்காத வண்டிகளுக்கு அபராதச் சம்மன் எழுதும் வேலை. அவர் வருவதைக் கண்டாலே காப்பிக் கடையிலிருந்து ஆட்கள் சாவியும் கையுமாக ஓடிவருவார்கள். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏசுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்க்கப் பழகிக்கொண்டார். எந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும், எங்கே லாரிகள் திரும்பித் திரும்பித் தார் சுருண்டு கிடக்கிறது, எங்கே எண்ணெய் சொட்டி இளகியிருக்கிறது என்பதெல்லாம் அவர் கேட்காமலே மனத்தில் ஏறிவிட்டது.

கூப்பன் போய்க் கைப்பேசிச் செயலி வந்தபோது அந்த வேலையும் போனது. அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. கணவர் அன்வர் பேருந்து ஓட்டுநர். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, தொடக்கப்பள்ளியில் ஒரே மகள் நஸீஹா. வணிகக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடங்களைப் பராமரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ரஷீதா உதவியாளராகச் சேர்ந்தார். பயிற்சி வகுப்புக்குப் போனார். இரண்டு முறை தேர்வில் தவறி, மூன்றாவது முறை தேறி மேற்பார்வையாளர் ஆனார். நடந்து பார்த்து, சேதமான இடத்தை மஞ்சள் சாயத்தால் கோடிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். மெல்லிய விரிசலுக்குத் தார் ஊற்றினால் போதும். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். தரை உள்வாங்கியிருந்தால் மட்டும் நிரப்புவதற்கு முன்னால் ஏன் உள்வாங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் அந்த வரியின் கீழே அவரே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

ஃபேரர் பார்க்கில், கீழே கடைகளும் மேலே அலுவலகங்களும் ஐந்தாம் மாடியில் ஒரு விருந்து மண்டபமும் கொண்ட கட்டடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அதன் பின்புறத் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் ஒரு கார் நிற்கும் கட்டமான பதினெட்டாம் எண் லாட் நவம்பரில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பழுது பார்க்க ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து மாணிக்கத்தின் குழு வந்தது. மாணிக்கம் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் ஒன்பது வருடம், கிராஞ்சியில் தொழிலாளர் விடுதி. ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத ஆள். சதுரமாக வெட்டி எடுத்ததும் அவர் குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி மணலை எடுத்துக் காட்டினார்.

"அக்கா, அடியில ரொம்ப ஈரமா இருக்கு."

"மழைதானே மாணிக்கம். ஒரு வாரமா கொட்டுது."

"மழைன்னா மேலதான் ஈரம் இருக்கணும். இது கீழேயிருந்து வர்ற மாதிரி இருக்கு."

அன்று ரஷீதாவுக்கு இன்னும் இரண்டு இடங்கள் பாக்கியிருந்தன. மேகம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. "நிரப்பிடுங்க" என்றார். சூடான தார்க்கலவை கொட்டி, இடித்து இறுக்கி, மட்டம் பார்த்தாயிற்று. படிவத்தில் 'அடித்தளம் நல்ல நிலையில் உள்ளது' என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்திட்டார்.

பிப்ரவரியில் அதே இடம் மறுபடி தாழ்ந்துவிட்டதாகக் கட்டட மேலாளர் அஹ்சனிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் கல்யாண விருந்து. ஆட்களை ஏற்றிவரும் மூன்று பெரிய பேருந்துகள் பின்பக்கமாக வந்து திரும்பும். "மேல ஒரு லேயர் போட்டு லெவல் பண்ணிடுங்கக்கா. ஒரு மணிக்குள்ள முடிச்சா போதும்" என்று எழுதியிருந்தார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு ரஷீதா போய்ச் சேர்ந்தபோது மாணிக்கமும் இன்னும் இரண்டு பேரும் லாரியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பாதுகாவலர் வைத்த ஆரஞ்சுக் கூம்புகளை யாரோ சுவரோரமாக நகர்த்தியிருந்தார்கள். பதினெட்டாம் லாட்டில் ஒரு வெள்ளை வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம் கூரைவரை அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும்.

எழுப்பி நகர்த்தச் சொல்லலாம் என்று நடந்த ரஷீதா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். நவம்பரில் போட்ட சதுரம் முழுசாக இரண்டு விரல் கீழே போயிருந்தது. வேனின் வலது முன்சக்கரம் அதன் மேல் இருந்தது. சதுரத்தைச் சுற்றி, அதற்கு வெளியே நல்ல தரையில், வட்டமாக ஒரு விரிசல். பக்கத்து லாட் வரைக்கும் அது போயிருந்தது. விரிசலின் உதடுகளில் சாம்பல் நிற மணல் ஈரமாகப் பிதுங்கியிருந்தது.

மழை பெய்து ஒன்பது நாளாகியிருந்தது.

"மாணிக்கம், கம்பியை எடுத்துட்டு வாங்க" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

மாணிக்கம் ஆளுயர இரும்புக் கம்பியோடு வந்தார். இருபத்திரண்டாம் லாட்டில் தட்டினார். 'டங்' என்று கெட்டியான சத்தம். இருபத்தொன்றில் அதே சத்தம். இருபதில் சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டுவதுபோல இருந்தது. பத்தொன்பதில் ஒரே ஒரு தடவை மெதுவாகத் தட்டிவிட்டு, கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே பின்வாங்கினார்.

"அக்கா, கிட்ட வராதீங்க. உள்ள ஒண்ணுமே இல்ல."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"வேனுக்கு வலது பக்கம் பூராவும். இடது பக்கம் தட்டிப் பார்த்தாதான் தெரியும்."

ரஷீதா பாதுகாவலரைக் கூப்பிட்டு நுழைவாயிலில் கேன்ட்ரித் தடுப்பை இறக்கச் சொன்னார். ஒரு வண்டியும் உள்ளே வரக் கூடாது. பிறகு அஹ்சனுக்குப் போன் போட்டார். அவர் கட்டடத்துக்குள்தான் இருந்தார். இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தார். முப்பத்து நாலு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் விருந்துக்கான பட்டியல்.

"என்னக்கா இது, கேன்ட்ரியை ஏன் மூடினீங்க? மூணு கோச் வருது. இருநூத்தம்பது கெஸ்ட்!"

"தரைக்கு அடியில வெத்திடமா இருக்கு தம்பி. இந்த வேனே எப்ப உள்ள போகும்னு தெரியல. பஸ் வந்தா அவ்வளவுதான்."

"தட்டிப் பார்த்தே சொல்லிட்டீங்களா? மெஷின் வச்சு ஸ்கேன் பண்ணீங்களா?"

"இல்ல."

"அப்போ எப்படி க்ளோஸ் பண்ண முடியும்? நவம்பர்ல நீங்கதான அடியில எல்லாம் ஓகேன்னு சைன் பண்ணீங்க? பேப்பர் என்கிட்ட இருக்குலா."

ரஷீதாவுக்குக் காது சூடானது. மாணிக்கம் பக்கத்தில்தான் நின்றார். அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்.

"ஆமா, நான்தான் சைன் பண்ணேன். தப்பா பண்ணிட்டேன்" என்றார் ரஷீதா. "இப்ப மூடச் சொல்றதும் நான்தான். எழுதித் தரேன். முதல்ல அந்த மனுஷனை வெளிய எடுக்கணும்."

அஹ்சன் வேனைப் பார்த்தார். உள்ளே ஆள் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். அவர் கையிலிருந்த பட்டியல் மெல்லக் கீழே இறங்கியது.

ஓட்டுநர் பக்கக் கதவு, அடியில் வெற்றிடமான தரையின் மேல் திறக்கும். அந்த வழியாக அவரை இறங்கவிட முடியாது. பயணி இருக்கைக்கு நகர்ந்து இடது கதவு வழியாகத்தான் வர வேண்டும். தூரத்திலிருந்து கத்தி எழுப்பினால், திடுக்கிட்டு எழுந்து வண்டியை நகர்த்தப் பார்ப்பார். யாராவது இடது பக்கமாகப் போய்க் கதவருகே நின்றுதான் எழுப்ப வேண்டும்.

"நான் போறேன்" என்றார் ரஷீதா.

மாணிக்கம் தலையை ஆட்டினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் அம்பத்தி நாலு கிலோ. நான்தான் லேசு."

அது சரிதான் என்று ரஷீதாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்து 'போங்க' என்று சொல்ல வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த ஆள் ஒரு பிடி மணலைக் காட்டி எச்சரித்திருந்தார். அதைக் கேட்காத தானே இப்போது அவரை அந்தத் தரைக்கு அனுப்ப வேண்டும். ரஷீதா சொல்வதற்குள் மாணிக்கம் லாரியிலிருந்த கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, மறுமுனையை அவர் கையில் கொடுத்தார். மற்ற இரண்டு பேரும் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். அஹ்சனும் பட்டியலைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுக் கயிற்றில் கை வைத்தார்.

இயந்திரம் ஏற்றி இறக்கும் ஒட்டுப்பலகைகள் இரண்டு இருந்தன. மாணிக்கம் முதல் பலகையைத் தரையில் போட்டுத் தள்ளினார், அதன் மேல் மண்டியிட்டார், கம்பியால் முன்னால் தட்டினார். கெட்டிச் சத்தம். இரண்டாவது பலகையைத் தள்ளினார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை சத்தம் இரண்டுங்கெட்டானாக இருந்தது. அவர் திரும்பி ரஷீதாவைப் பார்த்தார். ரஷீதா பிஸ்மி சொன்னார், சத்தமாக. மாணிக்கம் வயிற்றால் பலகையில் படுத்து, முழங்கையால் உந்தி நகர்ந்தார். எஞ்சின் அதிர்வில் பலகையின் விளிம்பு தரையில் கிடுகிடுவென்று தட்டிக்கொண்டே இருந்தது.

கதவை எட்டியதும் விரல் முட்டியால் தட்டினார். அசைவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். துண்டு விலகியது. அறுபது வயது மதிக்கத்தக்க முகம், கோபமும் தூக்கமுமாக. தன்னை நகரச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் இருக்கையை நிமிர்த்தினார். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியரை நோக்கிப் போனது.

"அண்ணே! கியரைத் தொடாதீங்க! கையை எடுங்க அண்ணே, கையை எடுங்க!" ரஷீதா கத்திய கத்தலில் மேல்மாடி ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்த மனிதர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார், போலீஸிடம் மாட்டியவர்போல. மாணிக்கம் கண்ணாடியோடு வாயை வைத்துப் பேசினார். கதவின் பூட்டு திறந்தது.

"எஞ்சினை நிறுத்துங்கண்ணே. மெதுவா. இந்தப் பக்கம் வாங்க."

"என்னப்பா, என்ன விஷயம்? கூம்பை நான்தான் நகத்தினேன். அதுக்கா?"

"அப்புறம் பேசிக்கலாம். உங்க பேரு என்ன?"

"முத்துசாமி."

"முத்துசாமி அண்ணே, காலை இந்தப் பலகையில வைங்க. நிக்காதீங்க, அப்படியே உக்காருங்க."

முத்துசாமி ஒரு காலை வெளியே வைத்தார். வண்டி ஒரு முனகல் முனகி வலதுபுறம் சாய்ந்தது, அரை அங்குலம் இருக்கும். அவர் உறைந்துபோனார். "என் போன்" என்று உள்ளே திரும்பப் போனவரின் பெல்ட்டை மாணிக்கம் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் பலகைமேல் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். "இழுங்க!" என்றார் ரஷீதா. நாலு பேரும் இழுத்தார்கள். பலகையோடு சேர்த்து இருவரும் சறுக்கிக்கொண்டு கெட்டித் தரைக்கு வந்தார்கள். கயிறு உராய்ந்து ரஷீதாவின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அது எரிவது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

பத்து நிமிடம், அரைமணி. வேன் அப்படியே நின்றது. இழுவை லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அது வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மணப்பெண் வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தடுப்புக்கு வெளியே சாலையோரம் இறக்கிவிடப்பட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் சுற்றி நடந்தார்கள். போகிறபோது ஒவ்வொருவரும் அந்த வேனையும் மஞ்சள் சட்டை போட்ட ரஷீதாவையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அஹ்சனுக்குப் போன் மேல் போன். "எஸ் சார், சேஃப்டி சார், ஐ நோ சார்." ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் ரஷீதாவை ஒரு பார்வை பார்த்தார்.

ரஷீதா சந்தேகப்பட ஆரம்பித்தார். சத்தத்தை வைத்து இத்தனை பேரை அலைக்கழித்துவிட்டோமா? நவம்பரில் பார்க்காமல் சரி போட்டோம், இப்போது பார்க்காமல் மூடுகிறோம். வேன் சாய்ந்தது உண்மையா, தன் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா?

இழுவை லாரி வந்தது. தூரத்திலேயே நின்று, பின்பக்கக் கொக்கியில் கம்பிவடத்தை மாட்டி, அங்குலம் அங்குலமாக வேனை இழுத்தது. வலது முன்சக்கரம் சதுரத்தின் விளிம்பில் ஒரு கணம் சிக்கியது. சக்கரம் ஏறி வெளியே வந்தது. தார்த்தரை அப்படியே இருந்தது. ஒரு துண்டுகூட விழவில்லை.

அஹ்சன் நீளமாக மூச்சுவிட்டார். "அக்கா," என்றார், குரலை உயர்த்தாமல். அதுதான் ரஷீதாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பாத்தீங்களா?"

மாணிக்கம் கம்பியை எடுத்துக்கொண்டார். கயிறு இடுப்பிலேயே இருந்தது. பலகையில் மறுபடி படுத்து நகர்ந்து, கையை நீட்டி, கம்பியின் கூர்முனையை அந்தச் சதுரத்தின் நடுவே ஓங்கிக் குத்தினார்.

கம்பி அவர் கையைவிட்டுப் போய்விட்டது. ஆளுயரக் கம்பி முழுவதும் உள்ளே போய், கீழே எங்கோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. தரையில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு ஓட்டை மட்டும் இருந்தது.

முத்துசாமி அப்படியே சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். அடியில் ஓடிய பழைய மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. கட்டடத்தின் குளிர்சாதனத் தண்ணீரும் அதில்தான் போனது. அதனால் மழை இல்லாத நாளிலும் மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டுக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே நாலு பேர் நெருக்கி நிற்கும் அளவுக்கு ஒரு பொந்து. மேலே நவம்பரில் இறுக்கிப் போட்ட தார் ஒரு மூடிபோல நின்றிருந்தது. ரஷீதா குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

அறிக்கை எழுதும் வேலை அவருடையது. 'நவம்பரில் அடித்தள மணல் ஈரமாக இருப்பதைக் குழுத் தலைவர் மாணிக்கம் என்னிடம் தெரிவித்தார். நான் அதை ஆராயாமல் நிரப்பச் சொல்லிக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினார். இயக்குநர் அவரைத் தனியறைக்கு அழைத்தார். ஆளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதை மட்டும் எழுதினால் போதாதா, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றார். ரஷீதா எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்குக் கையெழுத்திடும் உரிமை பறிபோனது. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவரான வேறொரு மேற்பார்வையாளரின் கீழே அளவு நாடா பிடிக்கும் வேலை.

அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது கிராஞ்சியிலிருந்து வந்த அழைப்பு.

"அக்கா, ரிப்போர்ட்ல என் பேரு இருக்காமே?"

"நீங்க சொன்னதைச் சொன்னதாத்தான் எழுதினேன், மாணிக்கம். உங்க மேல தப்பில்லன்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சிருந்தும் ஏன் நிரப்பினேன்னு எங்க முதலாளி கேக்குறாருக்கா. நாளைக்கு ஆபீஸ் வரச் சொல்லியிருக்காரு. வொர்க் பெர்மிட் வர்ற மாசம் முடியுது. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ரஷீதா நேர்மையாக எழுதியதாக நினைத்திருந்தார். அந்தக் காகிதம் போய்ச் சேரும் இன்னொரு மேசை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மாணிக்கத்தின் முதலாளி அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும், நிரப்பச் சொன்னது நான், அவர் இரண்டு தடவை மறுத்துச் சொன்னார், பிறகு உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார் என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி ஒன்றும் உறுதி சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரமும் ரஷீதா கைப்பேசி ஒலித்தாலே பதறினார். 'நீயே போய்க் கேளேன்' என்று அன்வர் சொன்னார். மாணிக்கத்திடம் கேட்க ரஷீதாவுக்குத் துணிவில்லை.

நான்காவது வாரம் மாணிக்கமே ஒரு படம் அனுப்பினார். புதுப்பித்த பெர்மிட் அட்டை. கூடவே எழுத்து எதுவும் இல்லை.

ஆகஸ்டில் ரஷீதாவுக்குக் கையெழுத்துரிமை திரும்பியது. முதல் வேலை புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு கடைவரிசையின் பின்னால், ஆறே ஆறு லாட். சின்னதாக ஒரு வெடிப்பு. வந்தது மாணிக்கத்தின் குழுதான். அவர் தலையசைத்தார், வெட்டினார், குழிக்குள் கையை விட்டார்.

"காஞ்சுதான்க்கா இருக்கு. சும்மா வெடிப்புதான்."

"இன்னும் ஒரு அடி தோண்டுங்க."

கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ரஷீதா தெரியாது என்றார். மாணிக்கம் தோண்டினார். அங்கும் காய்ந்த மண். ரஷீதா குனிந்து தன் கையால் எடுத்துக் கசக்கிப் பார்த்தார்.

"போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம்."

மாணிக்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.